கடவுள் சொன்ன ‘நாம்’

‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. ‘நாம் போவோம்’ என்றால் கேட்டுக்கொண்டிருக்கிறவரும் சேர்ந்து வாறார். ‘நாங்கள் போறம்’ என்றால் அவர் வரவில்லை. பேச்சில பெரும்பாலும் ரெண்டுக்கும் ‘நாங்கள்’ எண்டே சொல்லிப்போட்டுப் போறம், அது வேற கதை. எழுத உட்கார்ந்தால் வித்தியாசம் எங்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் இந்த வசதி இல்லை. எபிரேயத்திலும் இல்லை.

எபிரேயத்தை ஏன் இதுக்குள்ள இழுக்கிறம் எண்டால், ஆதியாகமத்தின் முதலாம் அதிகாரத்தில் ஓர் இடம் இருக்கிறது. (கத்தோலிக்க நண்பர்களுக்கு அது தொடக்கநூல்.) வெளிச்சம், வானம், மரஞ்செடி, மீன், பறவை, மிருகம் என்று கடவுள் ஒவ்வொன்றாக உண்டாக்கிக்கொண்டு வருகிறார். எல்லாம் தனி ஆளாக. ஆறாம் நாள் மனிதனிடம் வந்ததும் திடீரென்று பன்மைக்கு மாறி, மனிதனை உண்டாக்குவோம் என்கிறார். 26ஆம் வசனம். எபிரேயத்தில் அது ஒரே சொல், ‘நஅஸே’. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் யாருடைய சாயல் என்று சொல்ல வந்த இடத்தில் ‘நமது’, ‘நம்’ என்று போட்டார்கள். ‘எமது’ என்று போடவில்லை. அப்படியென்றால் கடவுளுக்கு முன்னால் யாரோ நிற்கிறார், அவரும் அந்த வேலையில் பங்காளி.

யார் அவர்?

யூதர்களும் கிறிஸ்தவர்களும் கடவுள் விசயத்தில் எங்கே பிரிகிறார்கள் என்று கேட்டால் வழமையாக இரண்டு பதில் வரும். ஒன்று, ரெண்டும் ஒரே கடவுள்தான், இயேசுவை ஏற்கிறதும் ஏற்காததும்தான் பிரச்சினை என்பது. மற்றது, பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோவக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்பது. இந்த இரண்டாவதைச் சொல்கிறவர்கள் மார்சியனின் நிழலில் நிற்கிறார்கள். இரண்டும் இரண்டு வேறு கடவுள்கள் என்று சொன்னதற்காக அவரைக் கி.பி. 144 அளவில் ரோமாபுரித் திருச்சபையே வெளியேற்றியது. சோதோம் நகரத்துக்காக ஐம்பது நீதிமான்களில் தொடங்கிப் பத்துவரை ஆபிரகாம் பேரம் பேச, ஒவ்வொரு தரமும் இறங்கி வருகிறவர் அந்தப் ‘பழைய’ கடவுள்தான். நினிவே நகரத்தை மன்னித்ததற்காக யோனா தீர்க்கதரிசி கோவித்துக்கொண்டு போய் இருந்ததும் அவரிடம்தான். ஆகவே குணத்தை வைத்துப் பிரிக்க வெளிக்கிட்டால் ஒன்றும் சரிவராது.

திரும்ப 26ஆம் வசனத்துக்கு வருவோம்.

இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர், திரிபோ என்ற யூதருடன் நடந்த உரையாடலாக ஒரு நூல் எழுதினார். அதிலே இந்தப் பன்மையைப் பிடிக்கிறார். உங்கள் போதகர்கள் கடவுள் தனக்குத்தானே பேசினார் என்றோ, மண் முதலான பூதங்களோடு பேசினார் என்றோ சொல்லக்கூடும், அது சரியில்லை, அவர் பேசியது தன்னோடு இருந்த இன்னொருவரோடு என்கிறார். கிறிஸ்தவர்களுக்கு அந்த இன்னொருவர் மகன். 325இல் நிசேயாவில் கூடிய சங்கம், மகன் தந்தையோடு ஒரே சாரம் உடையவர், படைக்கப்பட்டவர் அல்ல என்று தீர்மானித்தது. 351இல் சிர்மியத்தில் கூடியவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்த வசனத்தைத் தந்தை மகனிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொன்னார் என்று யாராவது சொன்னால் அவருக்குச் சாபம் என்றே எழுதிவைத்தார்கள். ஒரு வினைச்சொல்லின் பன்மைக்காகச் சாபம்!

ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். திரித்துவம் என்றால் மூன்று கடவுள் என்று எந்தத் திருச்சபையும் சொல்லவில்லை. சாரம் ஒன்று, ஆட்கள் மூவர் என்பது அவர்கள் கணக்கு. அகுஸ்தினார் இதை மனித மனத்திலேயே காட்டப் பார்த்தார்: நினைவு, அறிவு, விருப்பம், மூன்றும் ஒரே மனம். கிறிஸ்தவர்களைப் பார்த்து ‘உங்களுக்கு மூண்டு கடவுள்’ என்று சொல்கிறவர் அவர்களுடைய நம்பிக்கையோடு வாதம் செய்யவில்லை, வேறு எதனோடோ செய்கிறார்.

யூத ஆசிரியர்களுக்கு இந்த வசனம் தொண்டையில் சிக்கிய முள்ளு. அதை அவர்களே ஒளிக்காமல் சொன்னதுதான் எங்களுக்குப் பிடித்தது. ஆதியாகமத்துக்கான பழைய மித்ராஷ் நூலில் ஒரு கதை வருகிறது. மோசே தோராவை எழுதிக்கொண்டு வருகிறார். இந்த இடத்தில் கை நிற்கிறது. ஆண்டவரே, பல கடவுள் எண்டு சொல்றவைக்கு நீங்களே ஏன் வாய் திறந்து குடுக்கிறீங்கள் என்று கேட்கிறார். கடவுளின் பதில், நீ எழுது, பிழையாக விளங்க விரும்புகிறவன் விளங்கட்டும் என்பதாக இருக்கிறது. தல்மூத்தில் இன்னொரு கதை: எகிப்தின் தொலமி அரசன் எழுபத்திரண்டு மூப்பர்களைத் தனித்தனி அறையில் அடைத்துத் தோராவைக் கிரேக்கத்தில் எழுதச் சொன்னபோது, எல்லாரும் ஒரே மாதிரி இந்த இடத்தை ‘நான் உண்டாக்குவேன்’ என்று ஒருமையில் மாற்றி எழுதினார்களாம். இன்று எங்கள் கைக்குக் கிடைக்கிற கிரேக்கப் பெயர்ப்பில் பன்மைதான் இருக்கிறது. ஆனாலும் மாற்றியிருக்க வேண்டும் என்ற ஆசை எவ்வளவு என்பது அந்தக் கதையில் தெரிகிறது.

பிறகு விளக்கங்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் இருந்த ராஷி, கடவுள் தேவதூதர்களிடம் ஆலோசனை கேட்டார் என்கிறார். உதவி தேவைப்பட்டு அல்ல. பெரியவர் சின்னவரிடம் கேட்டுச் செய்யவேண்டும் என்ற பணிவை எங்களுக்குக் காட்டுவதற்காக. அடுத்த வசனத்தைப் பாருங்கள், ‘படைத்தார்’ என்று ஒருமையில் வருகிறது, அவர்கள் சேர்ந்து படைக்கவில்லை என்பது அவர் வாதம். அரசர் பேசுகிற பன்மை இது என்று சொன்னவர்களும் உண்டு. எங்கட நாட்டுக்கூத்து ராசா ‘யாம்’ எண்டு வாறமாதிரி. குர்ஆனிலும் அல்லாஹ் ‘நாம்’ என்று பேசுகிற இடங்கள் நிறைய. முஸ்லிம் நண்பர்கள் யாரும் அதைக் கேட்டுக் குழம்புவதில்லை. இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிற கிறிஸ்தவ ஆய்வாளர்கள் பலரும், எழுதியவர் மனதில் திரித்துவம் இருந்திருக்காது, வானுலக அரசவையைத்தான் நினைத்திருப்பார் என்று ஒப்புக்கொள்கிறார்கள்.

இதுவரைக்கும் பார்த்தால் பிரச்சினை எண்ணிக்கையில் என்றுதான் தோன்றும். ஒருவரா, மூவரா? யூதர்கள் காலையும் மாலையும் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சொல்கிற ‘ஷெமா’வின் மையமே கடவுள் ஒருவர் என்பதுதான். 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடஸ் அந்த ‘ஒன்று’ என்பதையும் இறுக்கினார். கூட்டமாக உள்ள ஒன்று அல்ல, பகுதிகளாகப் பிரிகிற ஒன்று அல்ல, வேறு எதுவும் அதைப்போல ஒன்றாக இல்லை என்றார். இஸ்லாமியரை அவர் சுத்தமான ஏகத்துவக்காரர் என்று ஏற்றார், கிறிஸ்தவர்களை ஏற்கவில்லை.

ஆனால் எண்ணிக்கை மட்டும்தான் கோடு என்றால் யூதர்களுக்குள்ளேயே அது நிற்காது. கப்பாலா மரபில் கடவுளின் வெளிப்பாடுகளாகப் பத்து ‘செபிரோத்’ வருகின்றன. கிறிஸ்தவர்கள் மூன்றை நம்புகிறார்கள், இவர்கள் பத்தை நம்புகிறார்கள் என்று ஒரு தத்துவவாதி நக்கலடித்ததை 14ஆம் நூற்றாண்டு ரபி ஐசாக் பென் ஷேஷெத் குறித்துவைத்திருக்கிறார். பத்தை ஏற்றவர்களை யாரும் யூத சமூகத்திலிருந்து தள்ளவில்லை.

அப்படியானால் கோடு எங்கே? இதற்கு 1263ஆம் ஆண்டு பார்சலோனாவுக்குப் போகவேண்டும்.

அரகோன் அரசன் முதலாம் ஜேம்ஸின் அவையில் ஒரு விவாதம். ஒரு பக்கம் பப்லோ கிறிஸ்டியானி, யூதராகப் பிறந்து கிறிஸ்தவராக மாறி தொமினிக்கன் துறவியானவர். மற்றப் பக்கம் ஜெரோனா ஊர் ரபி, மோசே பென் நஹ்மான். நஹ்மனிடஸ் என்பார்கள். இவர் வரமாட்டேன் என்று சொல்லமுடியாது, அரச கட்டளை. இருபத்தொரு வருடத்துக்கு முதல் பாரிசில் இப்படியொரு விவாதத்தின் முடிவில் தல்மூத் பிரதிகளை வண்டி வண்டியாக எரித்திருந்தார்கள். வென்றாலும் ஆபத்து, தோற்றாலும் ஆபத்து என்கிற இடத்தில் நின்று பேசியவர் அவர். இதை மறந்துவிட்டு வாசித்தால் அந்த விவாதம் ஏதோ பட்டிமன்றம் மாதிரித் தெரியும்.

மெசியா வந்துவிட்டாரா என்பதுதான் கொடுக்கப்பட்ட தலைப்பு. நஹ்மனிடஸ் பிற்பாடு எழுதிய குறிப்பின்படி, அவர் அரசனிடம் நேராகவே சொல்கிறார்: எங்களுக்கும் உங்களுக்கும் உள்ள தகராறு மெசியாவைப் பற்றியது அல்ல. வானத்தையும் பூமியையும் படைத்தவர் ஒரு யூதப் பெண்ணின் வயிற்றில் வளர்ந்து, குழந்தையாகப் பிறந்து, பிறகு பகைவர் கையில் அகப்பட்டுக் கொல்லப்பட்டார் என்பதைத்தான் எங்கள் புத்தி ஏற்கவில்லை. நீங்கள் பிறந்ததிலிருந்து குருமார் இதையே உங்கள் காதில் ஊற்றியதால் உங்களுக்கு இது பழகிவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறார். அரசனுக்கு முன்னால்!

கோடு இங்கேதான் என்பது எங்கள் விளக்கம். ஒன்றா மூன்றா என்பதல்ல, உடம்புதான். இத்தனைக்கும் நஹ்மனிடஸே கப்பாலாக்காரர். தெய்வத்துக்குள் பத்து வெளிப்பாடுகள் உண்டு என்பதோடு அவருக்குப் பிரச்சினை இல்லை. அந்தத் தெய்வம் ஒரு தாயிடம் பால் குடித்தது என்பதோடுதான் பிரச்சினை. கிறிஸ்தவர்களுக்கோ எல்லாம் அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. கடவுள் பசித்தார், களைத்தார், அழுதார், செத்தார் என்பதை எடுத்துவிட்டால் அவர்களுடைய நற்செய்தியில் மிச்சம் ஒன்றும் இல்லை. ஒருவருக்குக் கடவுளின் மேன்மைக்கே இழுக்கு என்று படுவது மற்றவருக்கு அந்த மேன்மையின் உச்சம்.

ஆனாலும் யூதக் கடவுள் வெறும் வெளியில் மிதக்கிற கருத்து என்று எடுத்துவிடக்கூடாது. தல்மூத்தின் கடவுள் தானும் ஜெபப்பட்டை கட்டுகிறார், இஸ்ரவேலர் நாடு கடத்தப்பட்ட இடமெல்லாம் கூடவே போகிறார். கடவுளுக்கு உடம்பு உண்டு என்கிறவன் மதத் துரோகி என்று மைமோனிடஸ் எழுதியபோது, தென் பிரான்சின் ரபி ஆபிரகாம் பென் டேவிட் எதிர்த்து எழுதினார். அந்தக் கருத்து சரி என்று அவர் சொல்லவில்லை. இவரைவிடப் பெரியவர்கள் வேத வார்த்தைகளை அப்படியே எடுத்து அப்படி நினைத்திருக்கிறார்கள், அவர்களைத் துரோகி என்கிறதா என்று கேட்டார். ஆகவே உருவம், உணர்ச்சி என்று பேசுவதில் யூத மரபு அவ்வளவு கூச்சப்பட்டதில்லை. இன்ன ஊரில், இன்ன அரசன் காலத்தில் பிறந்த இந்த மனிதன்தான் கடவுள் என்று விரல் நீட்டிச் சொல்வதைத்தான் அது ஒருநாளும் ஏற்கவில்லை.

பார்சலோனாவில் இன்னொரு காட்சி. அடுத்த ஓய்வுநாளில் அரசனே தொழுகைக்கூடத்துக்கு வந்தான். அங்கே திரித்துவம் பற்றிப் பிரசங்கம். வைனில் நிறம், சுவை, மணம் மூன்றும் இருக்கு, ஆனால் அது ஒன்றுதானே என்று அரசன் ஓர் உதாரணம் சொன்னான். அவை மூன்றும் வேறு வேறு பண்புகள், அப்படிக் கணக்குப் பார்த்தால் கடவுளின் உயிர், ஞானம், சித்தம், வல்லமை என்று மூன்றுக்கு மேலேயே போகும் என்றார் நஹ்மனிடஸ். பப்லோ எழும்பி, இது தேவதூதர்களுக்கே விளங்காத இரகசியம் என்றார். விளங்காததை ஒருவர் நம்பமுடியாது, அப்ப தேவதூதரும் திரித்துவத்தை நம்பேல்லப்போல என்று இவர் திருப்பிக் கொடுக்க, பப்லோவின் ஆட்களே அவரை இருத்திவிட்டார்களாம். எழுதியது நஹ்மனிடஸ் என்பதை ஞாபகம் வைத்திருக்கவேண்டும். கிறிஸ்தவர் பக்கத்து லத்தீன் குறிப்பில் வென்றது அவர்கள்.

அரசன் அவருக்கு முந்நூறு காசு கொடுத்து அனுப்பினான். ஆனால் அவர் எழுதிய குறிப்பைத் தொமினிக்கன் துறவிகள் தெய்வ நிந்தை என்று வழக்காக்கினார்கள். பாப்பரசர்வரை போனது. எழுபது வயதைத் தாண்டிய மனிதர் ஊரைவிட்டு வெளிக்கிட்டு 1267இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார்.

2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் இருநூறுக்கு அதிகமான யூத ரபிகளும் அறிஞர்களும் ‘தப்ரு எமெத்’ என்று ஓர் அறிக்கையை வெளியிட்டார்கள். யூதரும் கிறிஸ்தவரும் வணங்குவது ஒரே கடவுளை என்பது அதன் முதலாவது கூற்று. ஹார்வர்டில் கற்பிக்கிற யூத அறிஞர் ஜோன் லெவன்சன் அதை ஏற்கவில்லை. திரித்துவத்தையும் கடவுள் மனிதனானதையும் ஓரத்தில் வைத்துவிட்டு ஒற்றுமை பேசுவது, இரண்டு பக்கத்தாரும் உண்மையில் எதை நம்புகிறார்கள் என்பதை மறைக்கிறது என்பது அவருடைய முறைப்பாடு. அறிக்கை எழுதியவர்களின் நல்லெண்ணத்தில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஐரோப்பாவில் நடந்ததற்குப் பிறகு அப்படியொரு வசனத்தை எழுத மனம் வந்ததே பெரிய விசயம். எண்டாலும் எங்கட சாய்வு லெவன்சன் பக்கம்தான். நஹ்மனிடஸ் அந்த வயதில் கப்பல் ஏறியது ஒரு சின்ன விளக்க வேறுபாட்டுக்காக இல்லை.