பட்டியலில் இல்லாத பெயர்கள்

வரலாற்று நூல்களில் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் விரைந்து கடந்து, வரவுசெலவுக் கணக்குகளில் தங்கிவிடுவது என் இயல்பு. ஓர் அரசின் உள்ளக்கிடக்கையை அறிய, அது யாருக்குப் பணம் கொடுத்தது என்று பார்த்தால் போதும் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் 1995 முதல் எந்த மாவட்டத்தில் யாருக்கு எவ்வளவு வேளாண்மை மானியம் வழங்கப்பட்டது என்பதை எவரும் பார்க்கலாம். போற்றத்தக்க ஏற்பாடுதான். ஆயினும், அத்தகைய பட்டியலைக் காணுந்தோறும் என் நினைவு அம்மானியம் தொடங்கிய காலத்திற்கும், ஆர்க்கன்சா மாநிலத்துப் பாயின்செட் மாவட்டத்திற்கும் சென்றுவிடுகிறது.

1929 இல் பவுண்டு 16 சென்டு அளவில் விற்ற பருத்தி, 1932 இல் 7 சென்டுக்கும் கீழே வீழ்ந்தது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்று கருதிய அரசு, பயிரைக் குறைப்பவர்க்குப் பணம் தரும் சட்டத்தை 1933 இல் இயற்றியது. அவ்வாண்டு ஏறத்தாழ ஒரு கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. செடியை மிதியாது நடக்கப் பழகிய கோவேறு கழுதைகள், செடிமேல் அடிவைக்க மறுத்து நின்றன என்பர்.

பணம் யாருக்குச் சென்றது? அவ்வட்டாரத்தில் பருத்தியை விளைவித்தவருள் மிகப் பலர் வாரக்குடிகள். பிறர் நிலத்தில் பாடுபட்டு, விளைச்சலில் பாதியைப் பெற்றவர்கள். 1934, 1935 ஆம் ஆண்டுகளுக்கான ஒப்பந்தமோ பவுண்டுக்கு 4.5 சென்டு என்ற கணக்கில், நிலக்காரருக்கு 4 சென்டும் வாரக்குடிக்கு அரை சென்டும் அளித்தது. அந்த அரை சென்டும் நிலக்காரர் கைவழியே வந்தது. பழங்கடனுக்கென்று அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. பயிர் குறைந்ததால் ஆள் தேவையும் குறைந்தது. குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

1934 ஜூலையில் டைரன்சா என்னும் சிற்றூரின் அருகே, ஒரு பள்ளிக்கூடத்தில் 18 பேர் கூடினர். வெள்ளையர் 11 பேர், கறுப்பர் 7 பேர். இனப்பாகுபாடு கோலோச்சிய அந்நாளில் அவர்கள் ஒன்றாக அமர்ந்து தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தை நிறுவினர். வாரக்குடிகளை வெளியேற்றலாகாது என்று ஒப்பந்தத்திற்குப் பொருள்கொண்ட வேளாண்துறை அதிகாரிகள் சிலர், 1935 பிப்ரவரியில் பதவி நீக்கப்பட்டனர். பின்னாளில் பங்கு திருத்தப்பட்டபோதோ, வாரக்குடியை நீக்கிக் கூலியாளை அமர்த்துவது நிலக்காரருக்கு ஆதாயமாயிற்று. மானியப் பணம் டிராக்டர் வாங்கவும் உதவிற்று.

தோட்டப்புறத்து லயத்தில் பிறந்தவன் நான். தனக்கு உரிமையில்லாத மண்ணில் ஆயுளெல்லாம் உழைப்பது எத்தகையது என்பதை எனக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதனால்தான் போலும், அந்த அரை சென்டை என்னால் மறக்க முடியவில்லை. நிலத்திற்கு அளவுண்டு, பட்டா உண்டு. உழைப்புக்கு அவை இல்லை. ஆகவே, நிலத்தை அளந்து கொடுக்கப்படும் உதவி, கொடுப்பவர் நல்லெண்ணம் உடையவராயினும், நிலம் உடையவரையே நாடிச் செல்லும்.

மாணவர்களுக்கு நான் கூறுவது ஒன்றே. உதவி பெற்றோர் பட்டியலைப் படிக்கும்போது, தொகையை மட்டும் கூட்டிப் பார்த்து அமைந்துவிடாதீர்கள். அந்த மண்ணில் உழைத்தவர் யாவர், அவர்தம் பெயர் அதில் உண்டா என்றும் வினவுங்கள். அவ்வினாவை எழுப்பத் துணிந்த அந்தப் பதினெண்மரும் பெரும்படிப்புப் படித்தவர் அல்லர். படித்த நாம் அதனைக் கேளாதிருத்தல் தகுமா?