சுவர் ஏற்கும் நிறம்

மழைக்காலம் முடிந்து மார்கழி பிறந்ததும் புதுச்சேரியின் கடற்கரைச் சாலையிலிருந்து மேற்கே நடந்தால் டுமாஸ் வீதி, ரொமன் ரொலான் வீதி, பெரிய வாய்க்கால், அதைத் தாண்டிக் காந்தி வீதி என்று நகரத்தின் இரண்டு பாதிகளையும் ஒரே நடையில் பார்த்துவிடலாம். ஊர் பார்க்க வருகிறவர்களின் கண் மேலேயே போகும்: மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை போட்ட சன்னல், மதிலுக்கு மேல் சரியும் காகிதப்பூ. நான் பார்க்கப் போனது தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உள்ள சுவரை. ஒரே வீதியில், ஒரே உப்புக்காற்றில், ஒரே மழையில் நின்றவைதான் எல்லாம். சில சுவர்கள் வெளிறியிருக்கின்றன. ஆனால் பூச்சு முழுசாக இருக்கிறது. பளபளப்பாகப் புதுவண்ணம் ஏறிய வேறு சில சுவர்கள் கொப்புளம் கட்டி, தாள் தாளாக உரிந்து, உள்ளேயிருந்து வெள்ளை உப்பைப் பொடியாகக் கொட்டுகின்றன. இரண்டும் மஞ்சள்தான். நிறம் ஒன்றாக இருந்தும் கதி வேறாகிறது என்றால், நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடுகிறோம். என்ன நிறம் என்பதற்கு முன்னால், இது என்ன சுவர் என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர் பெயிண்டர். நாமோ எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டு, கடைசியில்தான் அவரை அழைக்கிறோம்.

இந்த நகரத்தின் பழைய சுவர்கள் எப்படிப்பட்டவை என்பதை அதன் வரலாறே சொல்கிறது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினர். பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1765இலிருந்து ஆளுநர் ழான் லா தெ லோரிஸ்தோன் காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் அதே தெருக்கோடுகளின் மேல் ஊரைத் திரும்பக் கட்டினர். வாய்க்காலுக்குக் கிழக்கே உயர்ந்த மதிலும் உள்முற்றமும் வைத்த பிரெஞ்சு வீடுகள். மேற்கே தாழ்வாரமும் திண்ணையும் தெருவைப் பார்த்து நிற்கும் தமிழ் வீடுகள். ரங்கப்பிள்ளை வீதியில் உள்ள ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையில் கீழ்த்தளத்தில் மரத்தூண்களும் மேல்தளத்தில் செங்கல் தூண்களும் இருப்பதுபோல, இரண்டு மரபும் கலந்த வீடுகளும் உண்டு. தோற்றம் எப்படி இருந்தாலும் உடம்பு ஒன்றுதான்: செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். டுமாஸ் வீதியில் 1855இல் கட்டி முடிக்கப்பட்ட கப்ஸ் கோயில் என்னும் தேவாலயத்தின் உட்சுவர் பளிங்குபோல் மின்னுவதற்கும், சுண்ணாம்பில் முட்டையின் வெள்ளைக்கரு கலந்து தேய்த்த பூச்சுதான் காரணம். ஆக, இங்கே எந்த நிறமானாலும் சுண்ணாம்பின் மேல்தான் உட்கார்ந்தாக வேண்டியிருந்தது.

சுண்ணாம்பு எல்லா நிறத்தையும் ஏற்பதில்லை. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறத்தாழ 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். நீர்த்துச் சுவரில் பூசிய பிறகு, காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல வாங்கி அது மறுபடி கல்லாகிறது. பூசும்போது அதன் காரத்தன்மை மிகக் கடுமையாக இருக்கும். அந்தக் காரத்தில் பிரஷ்யன் நீலம் பழுப்பாகிவிடும். ஈயக் குரோமேட்டில் செய்த பளீர் மஞ்சள் நிறம் திரிந்து ஆரஞ்சாகும். இரும்பின் ஆக்சைடுகளான மஞ்சள் காவியும் செங்காவியும் அசையாமல் நிற்கும். அல்ட்ராமரீன் நீலமும் குரோமியம் ஆக்சைடுப் பச்சையும் தாங்கும். கரி சேர்த்தால் சாம்பல் நிறம் கிடைக்கும். வெள்ளை, காவி மஞ்சள், செம்மண் சிவப்பு, சாம்பல், இளநீலம் என்று இந்த நகரத்தின் நிறங்களாக நாம் நினைப்பவை எல்லாமே சுண்ணாம்பு தாங்கும் நிறங்களின் பட்டியலுக்குள் அடங்குவது தற்செயல் இல்லை. ரசனை அதற்குப் பிறகு வந்தது. முதலில் சுவர் எதை ஏற்கும் என்று கையால் கண்டுபிடித்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தேர்ந்து வைத்ததற்குள்தான் வீட்டுக்காரரின் விருப்பம் விளையாடியது.

அந்தக் கைவேலை வெறும் வெள்ளையடிப்பு என்று ஒதுக்கத் தக்கதில்லை. சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, பிடிப்புக்கு வச்சிரமோ கஞ்சியோ சேர்த்து, வெள்ளைக்கு ஒரு சிட்டிகை நீலம் போடுகிறார்கள். பூசுவதற்கு முன் சுவரைத் தண்ணீரால் நனைக்கிறார்கள். காய்ந்த சுவர் சுண்ணாம்பின் ஈரத்தை ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டால் பிடிப்பு வராமல் பொடியாக உதிரும். தடித்து ஒரு பூச்சு அடிப்பதைவிட மெல்லிசாக இரண்டு மூன்று பூச்சு அடிப்பது நல்லது. ஒவ்வொன்றும் காய வேண்டும். எல்லாவற்றையும்விட நுட்பமானது நிறம் சேர்ப்பது. ஈரத்தில் அழுத்தமாகத் தெரியும் காவி, காய்ந்ததும் பல படி வெளுக்கும். வாளியில் பார்க்கிற நிறத்தை வைத்துக்கொண்டு, நாளைக்குச் சுவரில் என்ன தெரியும் என்று கணிக்க வேண்டும். அதனால்தான் இந்த வேலை தெரிந்தவர்கள் சுவரின் ஒரு மூலையில் அடித்துக் காயவிட்டு, மறுநாள் பார்த்த பிறகே கலவையை உறுதி செய்கிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுப்பது சுவரில் பார்த்து. நாம் தேர்ந்தெடுப்பது நிற அட்டையில் பார்த்து.

வீட்டின் உள்ளே போனால் இந்த அறிவின் இன்னொரு பக்கம் தெரிகிறது. நெருக்கமான மனையில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டி நிற்க, வெளிச்சம் முற்றத்தின் வழியாக மட்டும் இறங்குகிற வீடுகள் இவை. முற்றத்தைச் சுற்றிய சுவர் வெண்மையாக இருந்தால், விழுகிற வெளிச்சத்தில் பெரும்பங்கைத் திருப்பி அடித்துக் கூடத்துக்கும் அறைகளுக்கும் அனுப்பும். அங்கே அடர்ந்த நிறம் அடித்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டியதுதான். கிழக்கே கடலைப் பார்த்த அறைகளுக்கு நேர்மாறான தொல்லை: வெளிச்சம் அளவுக்கு மீறி வரும், சுத்த வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். அங்கே மங்கிய காவியும் சாம்பலும் இதம். மழைச்சேறு தெறிக்கும் அடிச்சுவருக்கும் முதுகு சாயும் திண்ணைச் சுவருக்கும் அடர்ந்த பட்டை. இப்படி ஒவ்வொரு பரப்புக்கும் தனிக் காரணம் இருந்தது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கத்துக்கும் அப்படித்தான். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சுவருக்குப் பூஞ்சையைக் கொல்லும் காரமும், ஈரத்தை வெளியே விடும் பூச்சும் அப்போதுதான் தேவை. வெயில் தணிந்த தை மாதக் காற்றில் சுண்ணாம்பும் அவசரப்படாமல் இறுகும்.

இன்று வேலையின் வரிசை தலைகீழாகியிருக்கிறது. வீட்டுக்காரர் கைப்பேசியில் ஒரு படம் பார்க்கிறார். கடையில் ஷேட் கார்டைப் புரட்டி எண்ணைக் குறிக்கிறார். கணினி இயந்திரம் கலந்து கொடுக்கிறது. மேஸ்திரி சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசுகிறார். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட்டு எமல்ஷன் ஏற்றுகிறவர் அந்தச் சுவரை முதல்முறை தொடும்போது முடிவு எல்லாம் முடிந்திருக்கிறது. சுவர் ஈரமாக இருக்கிறது என்று அவர் கைக்குத் தெரிகிறது. சொன்னால் வேலை தள்ளிப்போகும். தள்ளிப்போனால் அன்றைய வரும்படி போகும். எமல்ஷன் என்பது சுவரின் மேல் படியும் மெல்லிய பிளாஸ்டிக் படலம். தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும் அதில் கரைந்த உப்பையும் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். மேலே பூக்கிற உப்பைத் துடைப்பத்தால் தட்டிவிடலாம். படலத்தின் பின்னால் அந்த உப்பு படிகமாகும்போது படலத்தையே பெயர்த்துத் தள்ளுகிறது, காரையையும் அரிக்கிறது. வியர்த்த உடம்பில் மழைக்கோட்டு மாட்டியதுபோன்ற நிலை அது. உரிந்ததும் பழி பெயிண்டர் மேல் விழுகிறது. தேர்வில் பங்கு கொடுக்காமல் தோல்வியில் மட்டும் பங்கு கொடுப்பது நியாயமில்லை.

நிறத்தின் விலையை அவர் உடம்பாலும் கொடுக்கிறார். கதவு, சன்னலுக்கு அடித்த பழைய எனாமலில், முக்கியமாகப் பளீர் மஞ்சளிலும் ஆரஞ்சிலும் சிவப்பிலும், ஈயச் சேர்மங்கள் பரவலாக இருந்தன. வீட்டு உபயோகப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் அதற்கு முன்பு அடித்தவை பழைய கதவுகளில் அடுக்கடுக்காக இருக்கின்றன. மறுவண்ணத்துக்காக அவற்றை உலர்ந்தபடியே உப்புத்தாளில் தேய்க்கும்போது பறக்கும் தூசி தேய்ப்பவரின் மூச்சில் போகிறது. வீட்டுக் குழந்தைகளின் கைக்கும் வருகிறது. ஈரத்தாளில் தேய்ப்பதும், முகக்கவசமும், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமலிருப்பதும் செலவில் சேர்க்க வேண்டியவை. சுண்ணாம்பும் சாது இல்லை. அது கையைப் புண்ணாக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். எந்தப் பூச்சைத் தேர்ந்தாலும் அதை அடிக்கும் உடம்பையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

சுவரைப் பார்த்து நிறம் தேருங்கள் என்பதற்கு முதல் மறுப்பு உடனே வரும்: புதுச்சேரியில் பெரும்பாலோர் வாழ்வது பாரம்பரிய வீட்டில் இல்லை, லாஸ்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் ரெட்டியார்பாளையத்திலும் இருப்பவை சிமென்ட் வீடுகள், அங்கே சுண்ணாம்புப் பாடம் எதற்கு? அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள் என்று நான் சொல்லவில்லை. சிமென்ட் சுவருக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள் என்கிறேன். புதிதாகப் பூசிய சிமென்டும் காரம் நிறைந்தது. அதற்குள் தண்ணீரும் இருக்கிறது. குறைந்தது 28 நாள் காய விட்ட பிறகே வண்ணம் ஏற்ற வேண்டும். கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு அதற்கு முன் பூச்சையும் பெயிண்டையும் அடுத்தடுத்து முடிக்கச் சொல்லும் வீடுகளில் முதல் மழையிலேயே திட்டுத் திட்டாக நிறம் மாறுகிறது. சுவர் மாறியிருக்கிறது, முதலில் சுவரைப் பார் என்ற விதி மாறவில்லை.

இரண்டாவது மறுப்பு அன்றாடப் புழக்கத்திலிருந்து வருகிறது. சுண்ணாம்பு சட்டையில் ஒட்டுகிறது, கழுவ முடியாது, அடிக்கடி அடிக்க வேண்டும். இதில் உண்மை இருக்கிறது. எண்ணெய்ப் புகை படியும் சமையலறையில், சுவர் காய்ந்திருந்தால், துடைக்கக் கூடிய எமல்ஷனே நல்லது; அங்கே பழமைக்காகச் சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் சட்டையில் ஒட்டுவது பெரும்பாலும் சுவரை நனைக்காமல், பிடிப்புச் சேர்க்காமல், ஒரே தடித்த பூச்சாக அடித்ததன் விளைவு. அடிக்கடி அடிக்க வேண்டும் என்பதையும் குறையாக மட்டும் பார்க்க முடியவில்லை. சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பை நேராக அடிக்கலாம். உரிந்த எமல்ஷனைச் சுரண்டி, பட்டி பார்த்து, பிரைமர் அடித்துத் திரும்ப ஏற்றும் செலவு அதனோடு ஒப்பிடக் கூடியதா என்று பழைய வீட்டுக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். என் வீட்டுக்கு என் விருப்பப்படி நிறம் அடிக்க எனக்கு உரிமை இல்லையா? சுற்றுலாப் பயணி படம் எடுக்க ஊர் முழுவதும் மஞ்சளாக இருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. அரவிந்தர் ஆசிரமக் கட்டடங்கள் சாம்பலும் வெள்ளையுமாக நிற்கின்றன. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்ட் விடுதி கான்கிரீட்டின் சொந்த நிறத்தையே காட்டிக்கொண்டு நிற்கிறது. புதுச்சேரி ஒருபோதும் ஒரே நிற ஊராக இருந்ததில்லை. வைசியாள் வீதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஆணையத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோ நகரமும் ஸ்பெயின் நகரம் ஒன்றும் கைகோக்க, பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் அந்த வீதியின் வீட்டு முகப்புகளைச் சீராக்கியது. 2008இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருது கிடைத்தது. தாழ்வாரம், திண்ணை, மேல்மாடிச் சன்னல் வளைவு என்று ஒவ்வொரு வீடும் தன் முகத்தோடு நிற்கும்போதும் வீதி ஒன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு பரப்பும் தனக்கு ஏற்ற பூச்சைப் பெறுவதுதான் அந்த ஒற்றுமை. உரிமை என்பது ஆயிரம் எண்கள் உள்ள அட்டையிலிருந்து ஒன்றைச் சுட்டுவதோடு முடிந்துவிடுவதில்லை. தேர்ந்த நிறம் அடுத்த மழையையும் தாண்டிச் சுவரில் நிற்கும்போதே அந்த விருப்பம் நிறைவேறுகிறது.

சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்கள் இப்போது எங்கே என்று கேட்பார்கள். குறைந்துவிட்டார்கள், பாரம்பரியக் கட்டடங்களைச் சீராக்கும் பணிகளில்தான் அந்தக் கைகளுக்கு வேலை இருக்கிறது. குறைந்ததற்குக் காரணம் அறிவு பழசானது இல்லை; அடித்த சதுர அடிக்குக் கூலி உண்டு, பார்த்துச் சொன்ன யோசனைக்குக் கூலி இல்லை என்பதே. ஆகவே வீட்டுக்கு நிறம் பார்க்கிறவர்கள் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். கடைக்குப் போகும் முன் பெயிண்டரை வரவழையுங்கள். சுவர் சுண்ணாம்பா சிமென்டா, ஈரம் எந்த உயரம் வரை ஏறியிருக்கிறது, முன்பு அடித்தது என்ன என்று அவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சரி என்கிற நிறங்களில் இரண்டு மூன்றை வெளிச்சம் விழும் சுவரிலும் விழாத சுவரிலும் இரண்டடிச் சதுரமாக அடித்துக் காயவிட்டு, காலை, உச்சி, விளக்கு வைக்கும் நேரம் மூன்றிலும் பாருங்கள். அப்படிப் பார்க்கும் நாளுக்கும் அடிக்கும் நாளுக்குரிய கூலியையே கொடுங்கள். வீட்டு வண்ணத்துக்குச் செலவழிக்கும் பணத்தில் அதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரிந்து வேறில்லை.