சூடாலங்கரணம்

பாங்காக்,
தை மாதம்.

அன்புள்ள நண்பருக்கு,



முதலாம் ராமர் என வழங்கப்பெறும் சயாம் அரசர் 1784-இல் எடுப்பித்த தேவஸ்தானம் என்னும் பிராமணர் கோயிலில், திருவெம்பாவையின் பெயரே கடல் கடந்து திரிந்து திரியம்பாவாய் என்றாகி நிற்கும் விழாவையொட்டி, வெள்ளாடை தரித்த சிறுவர் சிறுமியரின் உச்சிக்குடுமியைக் களையும் சடங்கை இன்று கண்டேன். நம்மவர் சௌளத்தில் குடுமியை வைத்துப் பிள்ளையை வளர்க்கத் தொடங்குகிறார்கள். இவர்களோ பதினொன்று, பதின்மூன்று என்ற ஒற்றைப்படை வயதில் குடுமியை எடுத்துப் பிள்ளைப் பருவத்துக்கு மங்களம் பாடுகிறார்கள்.

எனக்கு எதிரே அமர்ந்திருந்த சிறுமியின் குடுமியை மும்மூர்த்திகளுக்கென மூன்று பிரியாக வகிர்ந்து, ஒவ்வொன்றின் நுனியிலும் நவரத்தின மோதிரம் ஒன்றைக் கோத்து, அறுகும் வில்வமும் சேர்த்து முடிந்தார்கள். அரச குலத்துக்குப் பொன், வெள்ளி, செம்பு கலந்த பொன் எனக் கைப்பிடிக்கு ஓர் உலோகமாக மூன்று கத்திரிகள் இருந்தனவாம். கத்தரித்த பின்பு வலம்புரிச் சங்கின் நீர் அவள் நெற்றி வழியே இறங்கியது.

அரசகுமாரர்களுக்கோ அரண்மனை வளாகத்தில் கயிலாயத்தையே செயற்கை மலையாகச் சமைத்து, சிவபெருமான் கோலத்தில் அரசரோ அவர் சார்பாக மூத்த இளவரசர் ஒருவரோ மேலே நின்று பிள்ளையை எதிர்கொள்வது பண்டைய வழக்கம். குடுமியைச் சுற்றி அணியும் பொன்முடிக்கு ‘ப்ர கியாவ்’ என்று பெயர். 1868 முதல் 1910 வரை ஆண்ட சுலாலங்கோர்ன் மன்னரின் பெயரைச் சற்றே காது கொடுத்துக் கேட்டால், சூடாமணி என்கிறோமே, அந்தச் சூடையோடு அலங்கரணம் சேர்ந்து ‘குடுமிக்கு அணி’ என்று பொருள்படுவதை உணர்வீர்கள். 1917-இல் அவர் பெயரால் அமைந்த பல்கலைக்கழகத்தின் இலச்சினையும் அந்தப் பொன்முடியேதான்! பிள்ளைத் தலையில் சில ஆண்டுகளே இருக்க விதித்த அணி, தலையை விட்டு நீங்கிய பின்பு மன்னர் பெயராகவும் கல்விக்கூடத்தின் முத்திரையாகவும் நிலைத்துவிட்டது.

சடங்கு முடிந்ததும் அச்சிறுமி, இல்லாத குடுமியைத் தேடி இரண்டு முறை உச்சியைத் தடவினாள். குடுமியைச் சுற்றியிருந்த சிறு பொன்முடியைத் தாயார் கைக்குட்டையில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டார்.

தங்கள் அன்புள்ள
நண்பன்