இரும்பில் எழுதும் கல்வி

வில்லியனூர் என்றவுடன் நம் மக்களின் நினைவில் எழுவது லூர்து அன்னையின் திருத்தலமும் அதன் திருக்குளமுமே. பாகூர் என்றாலோ பரந்த ஏரியும், அதன் நீரால் விளையும் வயல்களும் கண்முன் தோன்றும். புதுவையின் நெற்களஞ்சியம் என்றே அவ்வூரைச் சொல்வர். திருயாத்திரைக்கோ, உறவினர் இல்லத் திருமணத்துக்கோ இவ்வூர்களுக்குச் சென்று வருவோர் கவனியாமற்போகும் ஒன்றைக் காணவே நாம் அண்மையில் இவ்வழியே பயணம் செய்தோம். இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் இரும்பையும் எஃகையும் நுட்பமாகக் கடையும் தொழிலை எவ்வாறு கற்கிறார்கள் என்பதே அது.

புதுவை நகரிலிருந்து மேற்கே சென்றால் முதலில் வருவது மேட்டுப்பாளையம். தொழிற்பேட்டையும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் அங்குள்ளன. ஊசுட்டேரிக்கு வடக்கே, வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டு. தெற்கே, கடலூர்ச் சாலையில், பாகூர் கொம்யூனைச் சேர்ந்த கிருமாம்பாக்கம். இம்மூன்று இடங்களிலும், 1974இல் தோன்றிய பிப்டிக் என்னும் அரசுக் கழகம் தொழிற்பேட்டைகளை அமைத்திருக்கிறது.

இந்தக் கிராமங்களுக்கு ஆலை வேலை புதிதன்று. பாட்டன்மார் சைக்கிள் மிதித்துப் பஞ்சாலைக்குச் சென்று வந்த குடும்பங்கள் இங்கே பல. ரோடியர் மில் என மக்கள் வழங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 1898இல் தொடங்கி, நூற்றாண்டைக் கடந்து நின்று, 2020இல் மூடப்பட்டது. ஆலையோடு மறைந்துபோகும் வேலை உண்டு. எங்கே சென்றாலும் கையோடு வரும் தொழிலும் உண்டு. பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது என்று எண்ணும் பெற்றோர் இந்த வேறுபாட்டை உணர்ந்தாக வேண்டும்.

பயிற்சிக்கூடம் ஒன்றினுள் நுழைந்தோம். புதிய மாணவரின் கையில் முதலில் கணினியைக் கொடுப்பதில்லை, அரத்தைக் கொடுக்கிறார்கள். ஓர் இரும்புத் துண்டைப் பிடிப்பானில் இறுக்கி, அதன் முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகும்வரை அராவ வேண்டும். மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறார் பயிற்றுநர். இடையில் ஒளிக்கீற்று தெரிந்தால், மீண்டும் அராவ வேண்டியதுதான்.

பின்னர் அளவுக் கருவிகள். வெர்னியர் காலிப்பர் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக் காட்டும். மைக்ரோமீட்டர் நூறில் ஒரு பங்கைக் காட்டும். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ அத்தகைய ஏழு பங்கு என்றால், இவர்கள் எத்தனை நுண்மையோடு பழகுகிறார்கள் என்பது விளங்கும். பேரிங்கினுள் செல்லவேண்டிய தண்டு சிறிது பருத்தால் உள்ளே நுழையாது. சிறிது மெலிந்தால் ஆடும். அளவு பிழைத்தால் பழைய இரும்புக் குவியலே அதற்கு இடம்.

இதற்குப் பின்னரே சி.என்.சி. எனப்படும், கணினியால் இயங்கும் இயந்திரம். இதன் மூலக்கருத்து அமெரிக்காவில் பிறந்தது. ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவுகளைத் துல்லியமாக அமைக்க வழி தேடினார் ஜான் பார்சன்ஸ் என்பவர். அவர் தொடங்கிய முயற்சியிலிருந்து, 1952இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், துளையிட்ட நாடாவிலுள்ள எண்களைப் படித்து இயங்கும் இயந்திரமொன்று காட்டப்பெற்றது. இன்று நாடாவின் இடத்தில் கணினி இருக்கிறது. ஆயினும் கட்டளைகளின் இயல்பு மாறவில்லை.

அக்கட்டளைகள் எளியவை. ஜி 00 என்றால் வெட்டாமல் விரைந்து நகர். ஜி 01 என்றால் குறித்த வேகத்தில் நேராக வெட்டிச் செல். எம் 03 என்றால் சுழலத் தொடங்கு. எம் 30 என்றால் வேலையை முடித்துத் தொடக்கத்துக்குத் திரும்பு. கடைசல் இயந்திரத்தில் எக்ஸ் என்பது விட்டத்தையும், இசட் என்பது நீளத்தையும் குறிக்கும்.

கட்டளை எளிது, அதை எழுதுபவரின் பொறுப்பு பெரிது. எக்ஸ் 50 என்று எழுதி, அதன்பின் ஒரு புள்ளி வைக்க மறந்தார் ஒரு மாணவர் என்று வைத்துக்கொள்வோம். சில இயந்திரங்கள் அதனை 50 மில்லிமீட்டர் என்று கொள்வதில்லை. மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு 50 என்று கொள்ளும். வெட்டுளி நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டி, சுழலும் இரும்பை நோக்கிப் பாயும். "சாமி, நாம் நினைத்ததை இந்த இயந்திரம் செய்யாது, எழுதியதை மட்டுமே செய்யும்," என்றார் பயிற்றுநர். ஆகவே நிரலை முதலில் திரையில் ஓட்டிப் பார்க்கிறார்கள்; பிறகு இரும்பைப் பூட்டாமல் ஓட்டுகிறார்கள்; அதன்பின் ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி வெட்டுகிறார்கள்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. பொருள்களின் அளவு 20 பாகை செல்சியசில் இருக்கவேண்டியதாகவே உலகெங்கும் கொள்ளப்படுகிறது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் துண்டு 40 பாகை வெப்பத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்குக்குச் சற்று மிகுதியாக நீண்டுவிடும். அளவறையைக் குளிரூட்டி வைப்பது ஆடம்பரத்துக்காக அன்று என்பதை அங்கே அறிந்தோம்.

வில்லியனூரில் உழவர் ஒருவர் நம்மிடம் மனம்விட்டுப் பேசினார். "சாமி, மகன் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தது இரும்பை அராவுவதற்கா?" என்று வருந்தினார். நிலத்தை விற்றாவது பொறியியல் பட்டம் வாங்கித் தர வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஏனெனில், இத்தொழிலிலும் இரண்டு வாழ்க்கைகள் உள்ளன. பிறர் எழுதிய நிரலுக்குப் பொத்தானை மட்டும் அழுத்திப் பொருளை மாற்றி வைப்பவரின் இடத்தில் யாரையும் எளிதில் அமர்த்தலாம். வரைபடத்தைப் படித்து, நிரலை எழுதி, வெட்டுளியைப் பொருத்தி, முடிந்த பொருளை அளந்து, பிழை எங்கே நேர்ந்தது என்று சொல்லத் தெரிந்தவரையோ எளிதில் இழக்க எவரும் விரும்பார்.

எனவே பெற்றோரே, பட்டமாயினும் பட்டயமாயினும் தொழிற்பயிற்சிச் சான்றிதழாயினும், பிள்ளையைச் சேர்க்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஓர் இயந்திரத்துக்கு எத்தனை மாணவர்? வாரத்தில் எத்தனை மணி நேரம் பிள்ளை தன் கையாலேயே அதனை இயக்குவான்? கெட்டுப்போன துண்டை எடுத்துவைத்து, ஏன் கெட்டது என்று கற்பிப்பார்களா? கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் இயந்திரத்தைக் காட்டி அனுப்பும் கல்வி, எத்தனை பெரிய கட்டடத்தில் நடந்தாலும் நம் பிள்ளைக்கு உதவாது. பெண் பிள்ளைகளையும் மறவாதீர்கள். இதற்கு வேண்டுவது தோள் வலிமையைவிடக் கவனமும் பொறுமையுமே.

வில்லியனூரிலிருந்து தெற்கே சங்கராபரணி ஆற்றைக் கடந்து பாகூரை அடைந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், இவ்வூரிலே உயர்கல்விச் சாலை ஒன்று விளங்கியது. அதன் செலவுக்காக மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் கூறுகின்றன. கல்வியைக் காக்க ஊரையே கொடுத்த மண் இது. அக்கொடையை இன்றும் நாம் அறிவது, செம்பின்மேல் பிழையின்றி எழுத்துகளை வெட்டிய ஒரு கைவினைஞரின் உழைப்பால். அத்தகைய கையை உடைய பிள்ளை நம் வீட்டிலும் இருக்கக்கூடும். அவன் அரத்தைப் பிடித்து நிற்பதைக் கண்டு நாணாதீர்கள். அருகே சென்று, அன்று என்ன அளவு எடுத்தான் என்று கேளுங்கள்.