முதலில் சுடுதண்ணீர், பிறகு பொயிலர்

பிள்ளைகளே, லண்டனில் பழைய வீடொன்றை வாங்கி ரேடியேட்டர்களை மாற்ற நினைக்கிறீர்கள் என்றால், பிளம்பர் வருவதற்கு முன்பே ஒன்றைத் தீர்த்துவிடுங்கள். வேலை முடியும்வரை வீட்டில் சுடுதண்ணீருக்கு என்ன வழி? குளிரைப் போர்வையோடு இரண்டு நாள் சமாளிக்கலாம். கைக்குழந்தையையும் மூட்டுவலியோடு இருக்கும் அம்மாவையும் பச்சைத்தண்ணீரில் குளிக்கவைக்க முடியாது.

அலமாரிக்குள் சுடுதண்ணீர் சிலிண்டர் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பொயிலர் சூடாக்கும் தண்ணீர் ரேடியேட்டர்களிலும் சிலிண்டருக்குள் இருக்கும் சுருள் குழாயிலும்தான் சுற்றும். நாம் குளிக்கும் தண்ணீர் அந்தச் சுருளுக்கு வெளியே நிற்கும், இரண்டும் கலப்பதில்லை. அதனால் ரேடியேட்டர் தண்ணீரை முழுதாக வடித்தாலும் சிலிண்டர் நிறைந்தே இருக்கும். அதிலுள்ள, மின்சாரத்தில் ஓடும் இமர்ஷன் ஹீட்டர் பெரும்பாலும் 3 கிலோவாட். 120 லிட்டரை 15 பாகையிலிருந்து 60 பாகைக்குக் கொண்டுவர அதற்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். மேலே பொருத்திய குட்டை ஹீட்டர் என்றால் மேல்பகுதித் தண்ணீர் மட்டுமே சூடாகும். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டுக் குளியுங்கள். காஸைவிட மின்சாரம் விலை கூடத்தான். அந்தச் சில நாட்களுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள், மிச்சம் பிடிக்கவென்று 60 பாகையைக் குறைக்கவும் வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கும் தண்ணீரில் லெஜியோனெல்லா கிருமி பெருகும். சிலிண்டர் வெறுமையாக இருக்கும்போது மட்டும் இமர்ஷன் சுவிட்சைத் தொடவே கூடாது, ஹீட்டர் எரிந்துபோகும்.

ஒரேயொரு ரேடியேட்டரைக் கழற்றுவதென்றால் அதன் இரு பக்க வால்வுகளையும் மூடினாலே போதும். முழு வீட்டையும் வடிக்கச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

கொம்பி பொயிலர் வீடுகளில் சிலிண்டர் கிடையாது. பொயிலர் நின்றால் சுடுதண்ணீரும் நின்றது. அப்படியானால் வேலையைக் கோடையில் வையுங்கள். மாலையில் குழாய்களை நிரப்பி பொயிலரை மறுபடி ஓடவிட முடியுமா என்று விலை பேசும்போதே கேளுங்கள். நாங்கள் விலையை மட்டும் பேசி, வீட்டிலுள்ளவர்களை மறந்துவிடுகிறோம். காஸ் வேலைக்கு காஸ் சேஃப் பதிவுள்ளவரே வரவேண்டும், 2009 முதல் இந்த நாட்டில் அந்தப் பதிவேடுதான் சட்டபூர்வமானது. அவருடைய பதிவு அட்டையை வாங்கிப் பாருங்கள்.

சிலிண்டர் உள்ளவர்கள் இந்த வார இறுதியிலேயே பொயிலரை நிறுத்திவிட்டு, இமர்ஷன் சுவிட்சைத் தேடிப் போட்டுப் பாருங்கள். வருஷக்கணக்கில் தொடாத ஹீட்டர் பழுதாகியிருந்தால், ரேடியேட்டரைக் கழற்றுவதற்கு முன்பே அதை மாற்றிவிடுங்கள்.