கும்மிடிப்பூண்டியிலிருந்து நேப்பியர் பாலம் வரை

சென்னை சென்ட்ரலிலிருந்து மேற்கே ஏறத்தாழ 42 கிலோமீட்டர் ரயிலில் சென்றால் திருவள்ளூர். வடக்கே அதைவிடச் சற்று அதிகத் தூரம் சென்றால் கும்மிடிப்பூண்டி. ஒரே மாவட்டத்தின் இரு முனைகள் இவை; ஆயினும் இவற்றிடையே நேரான ரயில் பாதை கிடையாது. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ரயிலிலேயே செல்ல விரும்புவோர், சென்னைப் பேசின் பாலம் வரை வந்து, அங்கே வண்டி மாறித்தான் செல்ல வேண்டும். இவ்விரு பாதைகளின் நெளிவு சுளிவுகளை நாம் நன்கு கற்றுக்கொண்டோம். கற்பித்தது ஓர் ஓட்டப் பந்தயம்!

நாமே ஓடினோம் என்று வாசக அன்பர்கள் எண்ணிவிட வேண்டா. ஐம்பது வயதைக் கடந்த எம் கால்களுக்கு ஆலய முற்றத்தைச் சுற்றி வருவதே போதுமானது. ஓடியவர்கள் எம் பங்கின் இளைஞரும் அவர்களுடைய நண்பர்களும். அவர்களை அழைத்துச் செல்வதும், இரவு தங்க வைப்பதும், பத்திரமாகத் திரும்பக் கொணர்ந்து பெற்றோரிடம் ஒப்படைப்பதுமே எமக்கு வாய்த்த பணி. அப்பணியில் முதலாண்டு நாம் தவறினோம். தவறியதை எழுதினால் பிற பங்குகளுக்கும் பயன்படும் என்பதாலேயே இதனை எழுதுகிறோம்.

கும்மிடிப்பூண்டிச் சிப்காட் வளாகத்தை அறியாதார் இப்பகுதியில் இல்லை. இரும்பை உருக்குவதும், உருக்கியதைக் கம்பியாக இழுப்பதும், இன்னும் பலவகைப் பொருள்களைச் செய்வதுமாக இரவு பகல் ஓயாத ஊர் அது. உள்ளூர்ப் பிள்ளைகளுடன் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞரும் அங்கே உழைக்கிறார்கள். நாட்காட்டியைவிட ஷிப்டு அட்டவணையே அவர்களுடைய வாழ்வை ஆள்கிறது. இவர்களுள் சிலர், பொழுது புலருமுன் லாரிகள் நெருங்காத வேளையில், வளாகத்து நேர்ச்சாலைகளில் ஓடத் தொடங்கினர். நால்வர் பன்னிருவராயினர், பன்னிருவர் இருபத்திருவராயினர். ‘சென்னை மாரத்தானுக்குப் போவோமா?’ என்ற கேள்வி பிறந்தது.

மாரத்தான் என்பது 42.195 கிலோமீட்டர் ஓட்டம். 1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்ட இத்தூரமே 1921 இல் உலகம் முழுமைக்கும் உரிய அளவாக உறுதி செய்யப்பட்டது. நம்மவர்க்கு விளங்கும்படி சொன்னால், திருவள்ளூர் ரயில் நிலையத்தில் புறப்பட்டு, தண்டவாளத்தை ஒட்டியே சென்ட்ரல் வரை ஓடி முடிப்பதற்கு ஒப்பானது. எம் கூட்டத்தில் ஐவர் இத்தூரத்திற்கும், ஏனையோர் பத்துக் கிலோமீட்டருக்கும் பெயர் கொடுத்தனர்.

2024 ஆம் ஆண்டு ஓட்டம் சனவரி 6, சனிக்கிழமை. முழு ஓட்டம் அதிகாலை 4 மணிக்கு நேப்பியர் பாலத்தருகே தொடங்கும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு பெற்றோரைக் கூட்டி நாம் விவரம் சொன்னோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாய் ஒருவர் எழுந்து, “சாமி, ராத்திரி பிள்ளைங்க எங்கே படுப்பாங்க?” என்றார். “தங்கவே வேண்டியதில்லையம்மா, வேன் பேசியிருக்கிறோம். நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டால் மூன்று மணிக்குள் போய்ச் சேரலாம்” என்று நாம் பதில் சொன்னோம். வாடகைப் பணம் மிச்சம் என்ற பெருமையும் அப்பதிலில் கலந்திருந்தது. அந்தத் தாய் மேலே ஒன்றும் பேசவில்லை. கூட்டத்திலே கேட்கப்பட்ட ஒரே சரியான கேள்வி அதுதான் என்பது எமக்குப் பின்னரே விளங்கிற்று.

வெள்ளி இரவு ஒரு மணிக்கு வேன் புறப்பட்டது. முழு ஓட்டத்திற்குப் பெயர் கொடுத்திருந்த இளைஞருள் ஒருவர், இரண்டாம் ஷிப்டு முடித்து இரவு 11 மணிக்குத்தான் ஆலை வாயிலைவிட்டு வெளியே வந்திருந்தார். ஒடிசாவிலிருந்து வந்தவர், கூட்டத்திலேயே நன்றாக ஓடக்கூடியவர். வேனில் உட்கார்ந்தபடியே கண்ணயர முயன்றார். பாட்டும் பேச்சுமாக இருந்த பிள்ளைகள் விடவில்லை. செங்குன்றம், மாதவரம் கடந்து நகருக்குள் நுழைந்தோம். ஓட்டத்திற்காகச் சாலைகளை அடைத்திருப்பார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேயில்லை. தடுப்புக்குத் தடுப்பு வண்டியைத் திருப்பி, இறுதியில் வெகுதூரத்தில் இறங்கி, நடையும் ஓட்டமுமாகப் பாலத்தை அடைந்தபோது, முழு ஓட்டக்காரர்கள் புறப்பட்டுப் போயிருந்தனர். எம் ஐவரும் வயிற்றில் ஒன்றுமில்லாமல், பின்னால் விரைந்தனர்.

பதினேழாவது கிலோமீட்டரையொட்டி அந்த ஒடிசா இளைஞர் சுருண்டு விழுந்தார். மருத்துவ உதவிக் குழுவினர் தாங்கிச் சென்று படுக்க வைத்தனர். நாம் போய்ச் சேர்ந்தபோது கண் திறந்திருந்தார். ‘கடைசியாக எப்போது உறங்கினீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டதற்கு, முந்தின நாள் காலை என்றார். இறைவன் அருளால் பெருந்தீங்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்றைக்கு வேலைக்குப் போகாததால் ஒரு நாள் கூலியும் அவருக்குப் போயிற்று. ஒப்பந்தத் தொழிலாளருக்கு விடுப்பு என்றால் கூலியிழப்பு என்றே பொருள். அந்த ஊரில் அவருக்குத் தாயுமில்லை, தந்தையுமில்லை. அன்றிரவு அவர் எங்கே படுப்பார் என்று கேட்க வேண்டியவர்கள் நாமே. கேட்கவில்லை.

மறுமுறை திட்டமிட அமர்ந்தபோது, முன்னே ஓடுபவரை விடுத்து, மிகவும் களைத்து வருபவரை மனத்தில் வைத்தே ஒவ்வொன்றையும் தீர்மானித்தோம். இதுவே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்தது.

முதலாவது, தேதி. 2025 இல் ஓட்டம் சனவரி 5, ஞாயிற்றுக்கிழமை என அறிந்தவுடன், ஒவ்வொருவருடைய ஷிப்டையும் ஒரு நோட்டில் எழுதினோம். வெள்ளி இரவோ சனி இரவோ வேலையுள்ளவர், உடன் வேலை செய்வோரிடம் சொல்லி முறை மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்ற இயலாதவர் ஓடக் கூடாது, துணையாக வரலாம். கூலி இழப்போருக்கு உதவ ஒரு பொதுப்பணம் சேர்த்தோம்.

இரண்டாவது, தங்குமிடம். இம்முறை திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்தும் எண்மர் சேர, மொத்தம் முப்பதின்மர் ஆனோம். நகரில் ஒரு விடுதியைப் போய்ப் பார்த்தோம். வாடகை பேசி முடிந்த பின், எம்முடன் வந்திருந்த வடநாட்டு இளைஞர்களைப் பார்த்த விடுதிக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் அறை தருவதாகக் கூறினார். எம் பிள்ளைகளே பதில் சொல்லிவிட்டார்கள்: “எல்லாருக்கும் இடமில்லையென்றால் எங்களுக்கும் வேண்டா.” கிறிஸ்து பிறப்புக் காலத்தில், சத்திரத்தில் இடமில்லாமற்போன கதையை ஆண்டுதோறும் பிரசங்கித்த எமக்கு, அன்று பிரசங்கம் செய்தவர்கள் அவர்கள்தாம்.

பின்னர், வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் எமக்கு அறிமுகமான குருவானவர் ஒருவர் தம் பள்ளிக் கூடத்தைத் திறந்துவிட்டார். பெண் பிள்ளைகள் அறுவருக்கு அருகிலேயே கன்னியர் இல்லத்தில் இடம் கிடைத்தது. இடம் பார்க்கச் செல்வோருக்கு ஒரு சொல்: எத்தனை பாய் விரிக்கலாம் என்று மட்டும் பார்க்காதீர்கள், எத்தனை கழிப்பறை உண்டு என்று எண்ணுங்கள். விடியற்காலை இரண்டு மணிக்கு முப்பது பேரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். இரண்டே கழிப்பறை இருந்தால் ஓட்டம் அங்கேயே தோற்றுவிடும். தண்ணீர்த் தொட்டி இரவில் நிரம்பியிருக்குமா, காவலாளி அந்நேரத்தில் வாயிலைத் திறப்பாரா என்பவற்றையும் கேட்டறிய வேண்டும்.

மூன்றாவது, வழி. ஓட்டத்தன்று விடியுமுன் நம் ஊரிலிருந்து புறப்படும் மின்சார ரயில் எதுவும் நான்கு மணித் தொடக்கத்திற்கு உதவாது; ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டிகளும் குறைவு. ஆகவே சனி மதியமே புறப்பட்டோம். பொன்னேரி வயல்களும், மீஞ்சூர்ச் சந்தடியும், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளும், எண்ணூர்க் கழிமுகத்து நீர்ப்பரப்பும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி மறைந்தன. திருவள்ளூர்ப் பிள்ளைகள் பேசின் பாலத்து நடைமேடையில் காத்திருந்தார்கள். சாலைகள் அடைபடுவதால் அதிகாலையில் வேன் பயன்படாது என்பதை முன்பே பட்டிருந்தோம். ஓட்டத்தை முன்னிட்டு மெட்ரோ ரயில் அதிகாலை 3 மணி முதல் ஓடும் என்று அவ்வாண்டு அறிவிக்கப்பட்டிருந்தது. வண்ணாரப்பேட்டையில் ஏறி அரசினர் தோட்ட நிலையத்தில் இறங்கினால், பாலத்திற்குச் சிறிது தூர நடையே. எனினும் இத்தகைய ஏற்பாட்டை ஆண்டுதோறும் அவ்வாண்டின் அறிவிப்பைப் பார்த்தே நம்ப வேண்டும்.

நான்காவது, எண் சீட்டு. ஓடுபவர் மார்பில் குத்திக்கொள்ளும் அச்சீட்டை முந்தின நாட்களிலேயே பெற்றுக்கொள்ள வேண்டும், ஓட்டத்தன்று கிடைக்காது. அடையாளச் சான்றுகளை மறவாதிருக்க, ஒவ்வொருவரும் படி எடுத்து ஒரே உறையில் இட்டுவைத்தோம்.

ஐந்தாவது, ஞாயிறு கடன். அன்று ஆண்டவருடைய திருக்காட்சிப் பெருவிழா. முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்கேற்றாலும் கடன் நிறைவேறும் என்பது 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248 ஆம் விதி. ஆதலின் சனி மாலையே அப்பங்கின் ஆலயத்தில் திருப்பலி கண்டோம். பிற சமயப் பிள்ளைகள் அவ்வேளையில் பாய்களை விரித்து, குடிநீர் நிரப்பி வைத்தார்கள். ஏழு மணிக்கு இட்லியும் தயிர்ச் சோறும், எட்டரைக்கு விளக்கணைப்பு. பாட்டு இல்லை, கைப்பேசி இல்லை. சென்ற ஆண்டு விழுந்த இளைஞரைச் சுவரோரத்தில், விசிறிக்கு நேரே படுக்க வைத்தார்கள். அவர் உறங்கிவிட்டாரா என்று நாம் இரண்டு முறை எழுந்து சென்று பார்த்தோம்.

மூன்றரை மணிக்கு நேப்பியர் பாலத்தை அடைந்தோம். கூவம் கடலோடு கலக்குமிடத்தில், ஆளுநர் நேப்பியர் காலத்தில் 1869 இல் தோன்றியது அது. 2022 ஆம் ஆண்டுச் சதுரங்க ஒலிம்பியாடிற்காகச் சதுரங்கக் கட்டங்கள் தீட்டப்பட்டு நாடெங்கும் பேசப்பட்டது. விளக்கொளியில் ஆயிரக்கணக்கானோர் நின்றனர். எம் ஐவரும் வாழைப்பழம் உண்டு, அளவோடு நீர் அருந்தி, அமைதியாக நின்றார்கள். நீரைக் குறைத்துக் குடிப்பது போலவே, உப்பின்றி மட்டுமீறிக் குடிப்பதும் தீங்கு என்று மருத்துவர் சொல்லியனுப்பியிருந்தார்.

புறப்பட்ட இடத்திலேயே ஓட்டம் முடிவதில்லை. ஆகையால் எங்கே கூடுவது என்பதையும் முன்னரே குறித்திருந்தோம். பத்துக் கிலோமீட்டர் ஓடியவர்கள் தம் ஓட்டம் முடிந்தவுடன் உணவுக்குப் போகவில்லை. முழு ஓட்டம் முடியுமிடத்திற்கு வந்து நிழலில் காத்திருந்தனர். நால்வர் வந்துவிட்டார்கள். வெயில் ஏறிற்று. ஐந்தாமவரைக் காணோம். எம் நெஞ்சு படபடத்தது. கடைசியில் அவர் வந்தார். ஓடியும், நடந்தும், மீண்டும் ஓடியும். எல்லைக் கோட்டைத் தாண்டியதும் வேறு யாரையும் தேடாமல் நேரே எம்மிடம் வந்து, தம் உடைந்த தமிழில், “சாமி, ராத்திரி நல்லாத் தூங்கினேன்” என்றார். பதக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இப்போது பிள்ளைகள் ஆரோவில் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 2008 இல் தொடங்கிய அவ்வோட்டம், பெரும்பாலும் பிப்ரவரியில், செம்மண் காட்டு வழிகளில் நடைபெறுவது. பரிசுப் போட்டியாக அன்றி, ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஓடுவது. அங்கும் விடியுமுன்னே தொடக்கம். தங்குமிடங்களோ மாதங்களுக்கு முன்பே நிரம்பிவிடும். தூரம் கூடினாலும் கணக்கு ஒன்றே.

அன்புள்ள பெற்றோரே, உங்கள் பிள்ளைகளை எவரேனும் வெளியூர் அழைத்துச் செல்வதாகச் சொன்னால், அந்தத் தாய் கேட்டதையே நீங்களும் கேளுங்கள். கேட்பதற்கு இங்கே தாயில்லாத பிள்ளைகளுக்காகவும் சேர்த்துக் கேளுங்கள்.