பலூன் சொல்லிக்கொடுத்த கன்வல்யூஷன்

எலெக்ட்ரிக்கலோ எலெக்ட்ரானிக்ஸோ படித்தவர்களிடம் ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள். பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது கன்வல்யூஷன்தான். ஒரு வரைபடத்தை இடவலமாகத் திருப்பு, நகர்த்து, பெருக்கு, கூட்டு. இந்த நான்கு படிகளையும் பிசகாமல் செய்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் எதற்காகத் திருப்ப வேண்டும் என்பது மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கேள்வியோடுதான் கல்லூரியை விட்டு வெளியே வந்தேன்.

பதில் கிடைத்தது ஒரு கல்யாண மண்டபத்தில். உறவினர் வீட்டுத் திருமணம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, காலி மண்டபத்தில் மிஞ்சிக் கிடந்த பலூன் ஒன்றை உடைத்து, அந்தச் சத்தத்தையும் அதைத் தொடர்ந்த எதிரொலியையும் பதிவு செய்தேன். நொடிக்கு 44,100 மாதிரிகள். இரண்டு நொடிக்கு 88,200 எண்கள். பலூன் வெடிப்பு ஏறக்குறைய ஓர் இம்பல்ஸ், அதாவது கண நேரமே நீடிக்கும் ஒரு துடிப்பு. அதற்கு மண்டபம் தந்த பதில்தான் அதன் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ்.

வீட்டுக்கு வந்ததும், மெத்தையும் போர்வையும் அடைத்துக் கிடந்த சின்ன அறையில் அத்தையைப் பேச வைத்து அதையும் பதிவு செய்தேன். இரண்டு பதிவுகளையும் கணினியில் கன்வல்யூஷன் செய்து போட்டுக் காட்டினேன். அத்தை திகைத்துப்போய்க் கேட்டார்: “டேய், நான் எப்போடா மண்டபத்துல நின்னு இதைப் பேசினேன்?”

அந்த நிரலை எழுதும்போதுதான் எனக்குத் தெளிந்தது. அத்தையின் குரலில் உள்ள ஒவ்வொரு மாதிரியும் ஒரு குட்டிப் பலூன் வெடிப்பு. ஒவ்வொன்றும் தன் அளவுக்கேற்ப அந்த 88,200 எண்களின் முழு எதிரொலியையும் கிளப்பிவிடுகிறது. இந்த நொடியில் காதில் விழுவது எது? இப்போது வந்த மாதிரியின் எதிரொலியில் தொடக்கப் பகுதி, ஒரு நொடிக்கு முன் வந்ததன் நடுப்பகுதி, இரண்டு நொடிக்கு முன் வந்ததன் கடைசி முனை. எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. புதியது தொடக்கத்தோடும் பழையது முடிவோடும் சேர வேண்டுமென்றால், இரண்டில் ஒன்றைத் திருப்பித்தானே ஆக வேண்டும்!

ஒரே ஒரு வெடிப்பைக் கேட்டுவிட்டு, அந்த மண்டபத்தில் எந்தக் குரல் எப்படி ஒலிக்கும் என்று சொல்ல முடிகிறதே, அது சாதாரண விஷயமா? அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. சத்தம் இரண்டு மடங்கானால் எதிரொலியும் இரண்டு மடங்காக வேண்டும்; இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் இரண்டின் எதிரொலிகளும் அப்படியே கூட வேண்டும். இது நேரியல்பு. இன்று உடைத்தாலும் நாளை உடைத்தாலும் ஒரே எதிரொலி வர வேண்டும். இது கால மாறாமை. மண்டபம் நிறைய ஆட்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் எதிரொலி மாறிவிடும். அந்த 88,200 எண்கள் பிறகு செல்லாது. பாடப்புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் சடங்குபோலத் தெரிந்த இந்த இரண்டு பண்புகளும்தான் மொத்தப் பாடத்தையும் தாங்கி நிற்கின்றன.

பாடத்தின் ஃபூரியர் பகுதியும் இதே வழியில்தான் எனக்குத் திறந்தது. 1807-இல் ஜோசப் ஃபூரியர் வெப்பம் பரவுவதைப் பற்றிய தன் ஆய்வை பாரிஸில் முன்வைத்தபோது, எந்த வளைவையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்பதைக் கணிதவியலாளர் லக்ராஞ்ச் ஏற்கவில்லை. அந்த ஆய்வு நூலாக வெளிவர 1822 ஆயிற்று. சைன் அலைகளுக்கு ஏன் இத்தனை மரியாதை? நேரியல்பு, கால மாறாமை ஆகிய இரண்டு பண்புகளும் உள்ள சிஸ்டத்துக்குள் 50 ஹெர்ட்ஸ் அலையை அனுப்பினால், வெளியே வருவதும் 50 ஹெர்ட்ஸ்தான். உயரமும் கட்டமும் மாறலாம், அதிர்வெண் மாறாது. சுத்தமான 50 ஹெர்ட்ஸ் கொடுத்தும் வெளியே 150 ஹெர்ட்ஸ் தலைகாட்டினால், அந்த இரண்டு பண்புகளில் ஒன்று எங்கோ உடைந்திருக்கிறது என்று பொருள். பழுது பார்க்கும்போது இந்த ஓர் அறிவு எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இந்தப் பாடத்தைத் தொடங்கும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான். சமன்பாட்டைத் தொடுவதற்கு முன், மூன்று எண்கள் கொண்ட உள்ளீட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு எண்ணும் கிளப்பும் பதிலை, முந்தையதைவிட ஓரிடம் தள்ளித் தனித்தனி வரிசையாக எழுதி, நெடுவாக்கில் கூட்டிப் பாருங்கள். மனப்பாடம் செய்த படிகள் தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். காரணம் தெரிந்தவர், அந்தப் படிகளை எப்போது வேண்டுமானாலும் தானே திரும்ப உருவாக்கிக்கொள்வார்.